யோன்சில் சித்தியின் மேடைத் தரை

பாங் யோன்சிலுக்கு முகங்கள் மனதில் தங்காது. கால்கள் தங்கும். இல்சான் நகரில் ஒரு தனியார் தொலைக்காட்சி அலைவரிசையின் பெரிய படப்பிடிப்புக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக மேடைத் தரை அவள் பொறுப்பு. நாட்டுப் பிள்ளைகள் படமாக வாங்கி அலமாரியில் அடுக்கி வைக்கும் பாட்டுக் குழுக்கள் எல்லாம் அந்தத் தரையில்தான் ஆடிவிட்டுப் போயிருக்கின்றன. அவர்களில் ஒருவர் காய்கறிக் கடையில் எதிரே வந்து வணக்கம் சொன்னால், "யாரும்மா நீ?" என்று கேட்டு அவரை அசடு வழிய வைத்துவிடுவாள். அதே ஆள் ஷூவைக் கழற்றி நீட்டினால், எந்த வருடம், எந்தப் பாட்டு, இடது குதிகால் ஏன் சாய்ந்து தேய்ந்திருக்கிறது என்பது வரை ஒப்பித்துவிடுவாள்.

அவளுக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது? "என் தரையில இதுவரைக்கும் ஒருத்தர்கூட விழுந்ததில்ல" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள். கேட்க ஆள் அகப்படாத வாரங்களில் கணவர் கிசொக் மாட்டிக்கொள்வார். அவர் உள்ளூர்ப் பேருந்து ஓட்டுகிறவர்.

"எம் பஸ்சுந்தான் இதுவரைக்கும் யார் மேலயும் ஏறினதில்ல. நான் சொல்லிக்கிட்டா திரியிறேன்?" என்பார்.

"உங்க பஸ்சுல யாராவது ஒத்தக் கால்ல சுத்துறாங்களா?" என்பாள் இவள். அத்தோடு பேச்சு முடிந்து, இருவரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள்.

பதினேழு வயதில் அவள் பூசானில் ஒரு ரப்பர் ஷூத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். ஷூவின் அடிப்பாகம் ஒட்டுகிற வேலை. பசை நாற்றத்தில் பதினோரு வருடம் உட்கார்ந்ததில் தலைவலி ஒன்று நிரந்தரமாக வந்து சேர்ந்தது; கூடவே ஒரு ஞானமும் வந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இது ஈரத்தில் பிடிக்கும், இது வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். பிறகு முதலாளிகள் இயந்திரங்களைக் கழற்றி, கூலி குறைந்த நாடுகளுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். யோன்சில் கல்யாணமாகி இல்சான் வந்து, ஒரு ஒப்பந்தக் கம்பெனி மூலம் அந்த அலைவரிசையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் கழிவறைகளும் நடைகூடங்களும்தான்.

மேடை அவள் கைக்கு வந்தது ஒரு சண்டையினால். ஒத்திகையில் நடனக்காரன் ஒருவன் சறுக்கி விழுந்தான். தரையைத் துடைத்தவளைப் பிடித்து எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். துடைத்தது யோன்சில் இல்லை. இருந்தும் அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு மேடையேறி, அந்த இளைஞனின் காலைப் பிடித்துத் தூக்கி, ஷூவின் அடியை நகத்தால் கீறினாள்.

"தரைய ஏன் திட்டுறீங்க? ஷூ புதுசு. அச்சுல தடவுற எண்ணெயே இன்னும் போகல. வெளிய சிமெண்டுல நல்லாத் தேய்ச்சுட்டு வரச் சொல்லுங்க."

தேய்த்துவிட்டு வந்தான். அதே இடத்தில் அதே சுற்றைச் சுற்றி நின்றும் காட்டினான். அன்றைக்கு அங்கே கடைநிலை உதவியாளராக இருந்த மா தேகொன், மறுவாரமே அவளை மேடைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அவர்தான் தள மேலாளர். இவளுக்கு அவர் தம்பி, அவருக்கு இவள் அக்கா.

மேடையைத் துடைப்பதென்றால் பளபளவென்று ஆக்குவது என்று நினைக்கிறவர்கள் யோன்சிலிடம் நல்ல பேர் வாங்க முடியாது. மேடை ஏற்கெனவே கண்ணாடி மாதிரி கறுப்பாகப் பளபளத்துத்தான் கிடக்கும். உயரக் குதிகால் வைத்து ஆடுகிற பெண்கள் அதில் நிற்க வேண்டும். அதற்கு அவள் தண்ணீரில் கோலா பானம் கலந்து துடைப்பாள். காய்ந்ததும் தரை காலை லேசாகப் பிடிக்கும். முழங்காலில் சறுக்கி வருகிற ஆட்டம் என்றால் அந்த வழியில் மட்டும் கோலா படாது. மேடை விளிம்பில் நடுவில் பூஜ்யமும், இரண்டு பக்கமும் ஒன்று, இரண்டு என்று எண்களும் ஒட்டியிருக்கும். ஆடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் இடம் பிடிப்பார்கள். யார் எந்த எண்ணில் குதிப்பார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. எல்லாம் முடிந்தபின் பூசான் காலத்து ரப்பர் ஷூவோடு பூஜ்யத்தில் நின்று குதிகாலைத் திருப்புவாள். கீச் என்று சத்தம் வந்தால் தரை தயார்.

அந்த வசந்த காலத்தில் ஆறு பெண் குழுக்கள் மோதும் போட்டி நடந்தது. ஆறு வாரம், வாரம் ஒரு சுற்று, மதிப்பெண். அதில் வேகா என்ற ஒன்பது பேர் குழு பெரிய கம்பெனியுடையது. தாரே என்ற ஆறு பேர் குழுவுக்குக் கம்பெனி என்று சொல்ல ஒரு கீழ்த்தள அறையும் ஒரு வேனும்தான் இருந்தன. ஆனால் மரியாதையில் தாரே பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் தலைவி நாக்யொங் "ரெண்டு, மூணு" என்பாள். ஆறு பேரும் இடுப்பு வரை வளைந்து, "வணக்கம், நாங்க தாரே" என்று ஒரே குரலில் சொல்வார்கள். கேமராக்காரருக்கு ஒரு தடவை, ஒலிக்காரருக்கு ஒரு தடவை, யோன்சிலுக்கு ஒரு தடவை.

"போதும்டி, இடுப்பு ஒடிஞ்சிடப் போகுது" என்பாள் யோன்சில்.

"சித்தி, என் ஷூவ ஒரு தடவ பாத்துடுங்க" என்று கடைக்குட்டி தோயி ஷூவை நீட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பாள்.

ஐந்தாம் வாரச் சுற்றில்தான் அது நடந்தது. தாரேயின் ஆட்டம் முடியும்போது மேலிருந்து செயற்கைப் பனி கொட்டியது. பார்க்க அழகு, தரைக்கு அது சோப்பு நுரை. அடுத்து வேகா. நடுவில் பார்வையாளர்களுக்கு ஒரு காணொளி ஓடும், தொண்ணூறு நொடி. மேடையில் விளக்கை இறக்கியதும் யோன்சில் மேடையின் முன்விளிம்பில் மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். முதுகுக்குப் பின்னால் சலசலப்பு. திரும்பினால், இறங்கிப் போக வேண்டிய தாரே பிள்ளைகளின் வெள்ளை பூட்ஸ் இருட்டில் தெரிந்தது. குனிந்து எதையோ வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் கொட்டிய பனியைப் பெரியவள் ஒருத்தி மண்டியிட்டு வழிக்கும்போது சின்னவர்கள் கையை வீசிக்கொண்டு போவதாவது? அப்படி வளர்ந்த பிள்ளைகள்.

வேறு நாளாக இருந்தால் விரட்டியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பத்தொன்பது வருடத்தில் அவளுக்குக் கூடமாட வந்து குனிந்தவர்கள் யாருமில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒன்றும் சொல்லாமல் திரும்பித் தன் பக்கத்தைத் துடைத்தாள். விளக்கு வந்தது. வேகா ஆடியது. இரண்டாவது தடவை சுழலும்போது, வலது பக்கம் ஐந்தாம் எண்ணுக்கு அருகே, வேகாவின் மாரின் சறுக்கி விழுந்தாள். எழுந்து ஆட்டத்தை முடித்தாள், கெட்டிக்காரி. ஆனால் கணுக்கால் வீங்கிவிட்டது.

யோன்சில் மேடைக்குப் பின்னால் இருந்த குப்பைக்கூடையைக் கிளறினாள். கசங்கிய ஈர டிஷ்யூக்கள், கைநிறைய. எடுத்து முகர்ந்தால் பச்சைக் குழந்தை வாசம். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். வழுவழுவென்று போனது. குழந்தைகளைத் துடைப்பதற்கென்று கிரீம் தடவி விற்பது. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது.

"என்ன ஆச்சுக்கா?" என்று மா தேகொன் கேட்டார். "வெளிய ரசிகருங்க கொதிக்கிறாங்க. நான் ஏதாவது சொல்லியாகணும்."

தாரே பிள்ளைகள் துடைத்தார்கள், அடுத்து ஆடிய வேகா விழுந்தது. இதை இந்த ஊரில் வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்று யோன்சிலுக்குத் தெரியும். போட்டிக்காரியை விழவைக்கத் தரையில் கிரீம் பூசினார்கள் என்று பொழுது சாய்வதற்குள் லட்சம் பேர் எழுதிவிடுவார்கள். ஐந்து வருடமாகக் கீழ்த்தளத்தில் ஆடிய ஆறு பேரும் அதற்குப் பிறகு எந்த மேடையும் ஏற முடியாது.

"என் தரை. என் தப்பு தம்பி" என்றாள்.

அவர் நம்பவில்லை. ஆனாலும் எழுதிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? ஒப்பந்தக் கம்பெனி அவளை மூன்றாம் மாடி நடைகூடத்துக்கு மாற்றியது. இறுதிச் சுற்றில் மேடையைத் துடைக்க, கு என்ற பெயரில் ஒரு புது ஆள் வந்தார். இணையத்தில் அவளைத் தரைக்கிழவி என்று எழுதினார்கள். கிழவி என்றதைக் கூடப் பொறுத்துக்கொண்டாள். துடைக்கத் தெரியாதவள் என்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நீ செய்யலேன்னு எனக்குத் தெரியும். யாரக் காப்பாத்துறே?" என்றார் கிசொக்.

"சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் தன் தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கிசொக்குக்கு அதுதான் பயமாக இருந்தது.

இறுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரலை. மூன்று மணிக்கு யோன்சில் மூன்றாம் மாடியில் ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் மேடை தெரிந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். பார்த்தாள். கு மண்டியிட்டு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஆறு ஜோடிக் கால்கள் மடங்கிக் குனிந்திருந்தன. தோயியின் கையில் வெள்ளையாக ஒரு பொட்டலம்.

மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்கு அவள் படிகளில் இறங்கிய வேகத்தைக் கண்டவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

"எழுந்திருங்க. எல்லாரும் எழுந்திருங்க."

ஆறு பேரும் விறைத்து நின்றார்கள். தோயிக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க இல்லேன்னு சொன்னாங்க சித்தி. இந்த ஐயா தனியாத் துடைக்கிறாரு. நாங்க எப்படிச் சும்மா நிக்கிறது?"

"நிக்கணும். கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும். அந்த டிஷ்யூல என்ன இருக்கு தெரியுமா? குழந்தை உடம்பு காயக் கூடாதுன்னு கிரீம் இருக்கு. நீ என்ன குழந்தை முதுகுலயா ஆடப் போறே?"

சொன்ன பிறகுதான், சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. நாக்யொங் கையிலிருந்த டிஷ்யூவைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"போன வாரமும் இதாலதான் துடைச்சோம்" என்றாள் மெதுவாக. "அப்ப மாரின் அக்கா விழுந்தது எங்களால. உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் நீங்க உங்க தப்புன்னு சொல்லியிருக்கீங்க."

"உங்கள வெரட்டாம விட்டது நான். அது என் தப்புத்தான். வாய மூடிக்கிட்டு மேடையப் பாருங்க. ரெண்டு மணி நேரந்தான் இருக்கு."

நாக்யொங் கேட்கவில்லை. மரியாதையான பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தால் யாராலும் அசைக்க முடியாது. இளைய குழு மூத்த குழுவின் அறைக்குப் போய், கையெழுத்திட்ட தங்கள் இசைத்தட்டைக் கொடுத்து வணங்குவது இங்கே வழக்கம். அந்தத் தட்டு போன வாரமே எழுதித் தயாராக இருந்தது. மாரின் விழுந்தபின் போக முகமில்லாமல் பையிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஆறு பேரும் நடந்தார்கள். பின்னாலேயே, "வேணாம்டி, சொன்னாக் கேளுங்க" என்று யோன்சில்.

வேகாவின் அறையில் ஒன்பது பேரும் கிம்பாப் என்கிற சோற்றுச் சுருளைத் தின்றுகொண்டிருந்தார்கள். மாரின் கட்டுப்போட்ட காலை ஒரு பெட்டிமேல் நீட்டியிருந்தாள். ஆறு பேரும் வாசலிலேயே முழங்காலிட்டார்கள். நாக்யொங் ஒன்று விடாமல் சொன்னாள். 

மாரின் தன் குழுத் தலைவியைப் பார்த்தாள். தலைவி சுவரைப் பார்த்தாள்.

"நீங்க எந்தப் பக்கம் துடைச்சீங்க?" என்று மாரின் கேட்டாள்.

"இடது பக்கம் அக்கா. மூணாம் நம்பர்லேருந்து ஓரம் வரைக்கும்."

"நான் விழுந்தது வலது பக்கம்டி."

யோன்சில் வாசலில் அப்படியே நின்றாள். வலது பக்கம் ஐந்து. எந்த எண்ணில், எந்தக் காலில் விழுந்தாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். யார் எந்தப் பக்கம் துடைத்தார்கள் என்பதைத்தான் அவள் பார்க்கவில்லை. இருட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தரையைப் பற்றி இவ்வளவு பீற்றிக்கொள்கிறவள் அதை யாரிடமும் கேட்கக்கூட இல்லை.

"வலது பக்கம் துடைச்சது நாங்க" என்றாள் மாரின். "மேடைக்கு வந்தா, சித்தி மண்டி போட்டுத் துடைக்கிறாங்க, நீங்க ஆறு பேரும் துடைக்கிறீங்க. நாங்க மூத்தவங்க, மரம் மாதிரி நின்னா என்ன நினைப்பாங்க? ஒப்பனைக்காரங்க கையில இருந்த டிஷ்யூவப் பிடுங்கி நாங்களும் துடைச்சோம். நான் துடைச்ச இடத்துலயே நான் விழுந்தேன்."

அவள் சிரிக்கத்தான் முயன்றாள். அழுகை வந்துவிட்டது. பிறகு எழுந்து, ஒரு காலில் நொண்டிக்கொண்டு வந்து யோன்சில் முன்னால் குனிந்தாள்.

"வெளிய உங்கள அவ்வளவு பேசினாங்க சித்தி. எங்க ரசிகருங்கதான். எல்லாம் படிச்சோம். படிச்சுட்டு வாயத் திறக்காம இருந்தோம். மன்னிச்சுடுங்க."

"கால ஊனாதே, வீங்கும்" என்றாள் யோன்சில்.

மா தேகொனின் அறை சின்னது. பதினைந்து பெண்களும் யோன்சிலும் உள்ளே நுழைந்ததும் அவர் சுவரோடு ஒண்டிக்கொண்டார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"பதினஞ்சு பேரா துடைச்சீங்க? ஒரு மேடைக்கு?"

"பதினாறு. என்னையும் சேத்துக்குங்க" என்றாள் யோன்சில்.

"அக்கா, இப்ப அந்தத் தரைக்கு என்ன வேணும்?"

"குவும் இவளுங்களும் சேந்து என்னென்னத்தயோ பூசி வெச்சிருக்காங்க. வெந்நீர் ரெண்டு வாளி, கோலா மூணு பாட்டில், நாப்பது நிமிஷம். ஒரு ஈ, காக்காகூட உள்ள வரக் கூடாது."

அவள் துடைத்துக்கொண்டிருந்தபோது பெண்கள் வேறொரு வேலை செய்தார்கள். தப்புச் செய்த பாட்டுக்காரர்கள் தங்கள் கைப்பட மன்னிப்பு எழுதி, அதைப் படம்பிடித்து வெளியிடுவது இங்கே உள்ள பழக்கம். பெரும்பாலும் மேலாளர் சொல்லச்சொல்ல எழுதுவது. இந்தத் தடவை இரண்டு குழுக்களின் மேலாளர்களும் வேண்டாம் வேண்டாம் என்று கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினார்கள். உள்ளே நாக்யொங் எழுதினாள், கீழே பதினைந்து கையெழுத்து. அதில் ஒரு வரி: அந்த மேடையில் பத்தொன்பது வருடமாக ஒருவரும் விழாமல் பார்த்துக்கொண்டவர் பாங் யோன்சில் அவர்கள்; நாங்கள் கை வைத்த ஒரே ஒரு நாளில்தான் அது வழுக்கியது.

நாலரை மணிக்கு அது வெளியே போனது. வசவுகள் நின்றனவா என்றால், முழுக்க நிற்கவில்லை. இரண்டு குழுக்களையும் சிலர் கடித்துத் துப்பினார்கள். ஆனால் பார்வையாளர் வரிசையில் யாரோ ஒரு பெண் அட்டையில் "சித்தி, தரை நலமா?" என்று எழுதிப் பிடித்திருந்தாள். யோன்சில் அதைப் பார்க்கவில்லை. அவள் பூஜ்யத்தில் நின்று குதிகாலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கீச் என்றது.

நேரலையில் ஆறு குழுக்களும் ஆடின. யோன்சில் மேடையோரம் உட்கார்ந்து கால்களை மட்டும் பார்த்தாள். தாரேயின் ஆறு பேரும் சுழன்று வந்து ஒரே நொடியில் குதிகாலை ஊன்றியபோது, தரை அவர்களை உள்ளங்கையில் ஏந்துவதுபோல் நிறுத்தியது. அவளுக்கு மார்பு விம்மியது. அவர்களுக்காகவும்தான், தனக்காகவும்தான். மாரின் நாற்காலியில் உட்கார்ந்து கையால் மட்டும் ஆடினாள். சுற்றி எட்டு பேர் அவளுடைய எண்களையும் சேர்த்து நிரப்பினார்கள். ஒருவரும் விழவில்லை. வேகா முதலிடம், தாரே மயிரிழையில் இரண்டாமிடம். இது யோன்சிலுக்குத் தெரிந்ததே மறுநாள் கிசொக்கின் பேருந்துப் பயணிகள் சொல்லித்தான்.

வெற்றி அறிவித்ததும் மேலிருந்து பொன்னிறக் காகிதத் துண்டுகள் கொட்டின. மேடை மறைந்து, கணுக்கால் உயரத்துக்குக் காகிதம். விளக்கை ஏற்றிவிட்டார்கள், கூட்டம் கலைந்தது. யோன்சில் அகல மாப்போடு மேடையேறினாள். பதினைந்து பெண்களும் இன்னும் அங்கேயே நின்றார்கள்.

தோயியின் முழங்கால் மடங்கத் தொடங்கியது.

"கைய வைக்காதே" என்றாள் யோன்சில், திரும்பிப் பார்க்காமலே.

முழங்கால் நிமிர்ந்தது. தோயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளைப் பார்த்து நாக்யொங், பிறகு வேகாவின் தலைவி, பிறகு நாற்காலியில் இருந்த மாரின்கூட. வரிசையாகப் பதினைந்து பேர், கை பின்னால். பெரியவள் ஒருத்தி வேலை செய்ய, சும்மா நின்று பார்ப்பது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் போகவில்லை.

யோன்சில் அவசரப்படவில்லை. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை தள்ளினாள். கடைசித் துண்டு வரை கூட்டி, ஈரத்துணியால் ஒரு ஓட்டு ஓட்டி, காயவிட்டாள். மா தேகொன் கேமராவுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

முடித்துவிட்டு அவள் பூஜ்யத்தில் நின்று குதிகாலைத் திருப்பினாள்.

"ரெண்டு, மூணு" என்றாள் நாக்யொங்.

பதினைந்து முதுகுகள் ஒன்றாக வளைந்தன. நிமிர்ந்தபோது யோன்சில் இடது கோடியிலிருந்து தொடங்கி, முதல் தடவையாக, அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மறந்துவிடக் கூடாது என்று பார்த்தாள். பதினைந்தாவது முகத்துக்கு வரும்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது.

"போய்ச் சாப்பிடுங்க" என்றாள். "பாத்துப் போங்க, வெளிய இருக்கிறது என் தரையில்ல."